அமெரிக்க வசந்தத்தை எவ்வளவு முன்கூட்டிச் சொல்லலாம்?

அமெரிக்காவின் பருவநிலை முன்கணிப்பு மையம் ஒவ்வொரு மாதமும் மூன்றாவது வியாழக்கிழமை, வரவிருக்கும் மூன்று மாதங்களுக்கான வரைபடங்களை வெளியிடுகிறது. ஒன்று வெப்பநிலையைப் பற்றியது, இன்னொன்று மழையைப் பற்றியது. மார்ச் மாதம் வெளிவரும் படங்களுக்குத் தனி மவுசு உண்டு. வடக்கே பனி உருகி ஆறுகள் பெருகும் காலம் அது. உழவர்கள் விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்கிறார்கள். தெற்கு மாநிலங்களில் இடிமுகில்கள் திரண்டு, சில நாட்களில் ஊர்களையே துடைத்தெடுக்கின்றன. ஆகவே ஆரஞ்சும் நீலமும் பூசிய அந்தப் படம் மாலைச் செய்தியில் வந்ததும், இந்த வசந்தம் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் படத்தில் டொர்னாடோ எனப்படும் சுழற்காற்றைப் பற்றி ஒரு புள்ளிகூட இருக்காது. ஆண்டுக்குச் சராசரியாக 1,200 டொர்னாடோக்கள் வீசும் நாடு அது; உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பதிவாவதில்லை. இருந்தும் 'இந்தப் பருவத்தில் இத்தனை வரும்' என்று அரசு மையம் அறிவிப்பதில்லை. தனியார் நிறுவனங்கள் சில எண்களைச் சொல்கின்றன, ஊடகங்கள் அவற்றை ஆவலோடு வாங்கிப் போடுகின்றன. அரசு மையம் ஏன் வாயைத் திறப்பதில்லை? சொல்ல முடியாததாலா, சொன்னாலும் பயனில்லை என்பதாலா? இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

முதலில் அந்த ஆரஞ்சு நிறத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டு வெப்பநிலைகளை வரிசைப்படுத்தி, சூடானவை, நடுத்தரமானவை, குளிர்ந்தவை என மூன்று சம பங்காகப் பிரிக்கிறார்கள். எதுவும் தெரியாத நிலையில் வரவிருக்கும் பருவம் இந்த மூன்றில் எதில் விழும் என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் 33 சதவீத வாய்ப்பு. பசிபிக் கடலின் நிலை, மண்ணின் ஈரம், அண்மை ஆண்டுகளின் போக்கு இவற்றையெல்லாம் பார்த்து 'சூடான' பங்குக்கு 40 அல்லது 50 சதவீதம் என்று நிபுணர்கள் சொல்ல முடிந்தால், அங்கே ஆரஞ்சு பூசப்படும். நிறம் அடர்ந்திருந்தால் வெயில் கொளுத்தும் என்று பொருளல்ல. வாய்ப்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையே அந்த அடர்த்தி காட்டுகிறது. வெள்ளையாக விடப்பட்ட பகுதிக்கு, மூன்றுக்கும் சம வாய்ப்பு, அதாவது 'எங்களால் எதுவும் சொல்ல இயலவில்லை' என்று அர்த்தம். அரசு அலுவலகம் ஒன்று தன் அறியாமையை இவ்வளவு வெளிப்படையாக வரைபடத்தில் காட்டுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தொலைக்காட்சிக்கு வரும்போது அந்த வெள்ளைப் பகுதிதான் முதலில் காணாமல் போகிறது.

இதோடு ஒப்பிட அமெரிக்கர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. பிப்ரவரி 2ஆம் தேதி பென்சில்வேனியாவின் பங்சுட்டானி என்ற சிற்றூரில் ஒரு நில அணிலை வளையிலிருந்து வெளியே எடுத்து, அது தன் நிழலைக் கண்டதா இல்லையா என்று பார்த்து வசந்தம் எப்போது வரும் என்று சொல்கிறார்கள். அது சொன்னதில் பாதிக்கும் குறைவாகவே பலித்திருக்கிறது என்று அரசு வானிலையாளர்களே கணக்குப் பார்த்து வெளியிடுகிறார்கள். 1792 முதல் வரும் 'ஓல்ட் ஃபார்மர்ஸ் அல்மனாக்' ஓராண்டு வானிலையை முன்கூட்டியே அச்சிட்டு விற்கிறது. பஞ்சாங்கத்தில் மழை, புயல் பலன்களைப் பார்க்கும் நம்மால் இதைக் கேலி செய்ய முடியாது.

வசந்தத்தில் அங்கே அப்படி என்ன நடக்கிறது? வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் பாதி விடை தெரிந்துவிடும். மேற்கே ராக்கி மலைத்தொடர், தெற்கே வெதுவெதுப்பான மெக்சிகோ வளைகுடா. வடக்கே கனடா வரை கிழக்கு மேற்காகக் காற்றைத் தடுக்கும் மலை எதுவும் இல்லை. வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தரையை ஒட்டி வடக்கே ஏறுகிறது. தென்மேற்குப் பாலைநிலங்களிலும் மெக்சிகோ பீடபூமியிலும் காய்ந்த சூடான காற்று அதன் மேல் வந்து படிந்து, கொதிக்கும் உலையைத் தட்டு மூடுவதுபோல் மூடிவிடுகிறது. அதற்கும் மேலே குளிர்காலத்தின் மிச்சமாக ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே விரைகிறது. பகலெல்லாம் வெயில் தரையைச் சுட, மூடிக்குக் கீழே ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். மாலை நெருங்கும்போது மூடி ஓரிடத்தில் உடைந்தால் முகில் அரை மணி நேரத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பிவிடும். தரையில் தெற்குக் காற்று, உயரே வேகமான மேற்குக் காற்று என்று திசையும் வேகமும் உயரத்தோடு மாறுவதால் அந்த முகில் முழுவதுமே சுழலத் தொடங்குகிறது. இப்படிச் சுழலும் முகிலை 'சூப்பர்செல்' என்கிறார்கள். மிகக் கொடிய டொர்னாடோக்களும் கிரிக்கெட் பந்தை விடப் பெரிய ஆலங்கட்டிகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

கோடையில் ஈரமும் வெப்பமும் இதைவிட அதிகம். ஆனால் ஜெட் காற்று வடக்கே கனடா பக்கம் ஒதுங்கிவிடும். குளிர்காலத்தில் ஜெட் காற்று இருக்கும், ஈரம் இருக்காது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும் மாதங்கள் மார்ச் முதல் ஜூன் வரை. அந்தச் சந்திப்பு இடமும் நகர்கிறது: மார்ச், ஏப்ரலில் அலபாமா, மிசிசிப்பி, மே மாதம் ஒக்லஹோமா, கான்சஸ், ஜூனில் டகோட்டா சமவெளிகள்.

இதே அமைப்பு உலகில் இன்னோர் இடத்தில் உண்டு, அது நமக்கு அருகில்தான். வங்காள விரிகுடாவின் ஈரக்காற்று கீழே, சோட்டா நாக்பூர் பீடபூமியின் வறண்ட காற்று அதன் மேலே, இமயத்துக்குத் தெற்கே இன்னும் விலகாத மேற்குக் காற்று உயரே. ஏப்ரல், மே மாதங்களில் வங்கத்தைப் புரட்டிப்போடும் கால்பைசாகி புயல்கள் இதில் பிறப்பவை. உலகில் பதிவானவற்றுள் மிக அதிக உயிர்களைக் குடித்த டொர்னாடோ அமெரிக்காவில் வீசியதல்ல. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா வட்டாரத்தில் வீசியது. இறந்தவர்கள் ஏறக்குறைய 1,300 பேர். தமிழ்நாட்டின் கோடை இடிமழையிலும் மரங்கள் சாய்கின்றன, மின்னல் உயிர் பறிக்கிறது. ஆனால் நம் வானத்தில் அந்த மாதங்களில் உயரக் காற்றின் வேகம் குறைவு. முகில் எழும்பி, கொட்டி, ஒரு மணி நேரத்தில் தானே அடங்கிவிடும்.

டொர்னாடோவை முன்கணிக்க முயன்ற முதல் மனிதர் என்று ஜான் ஃபின்லியைச் சொல்லலாம். அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவில் வேலை பார்த்தவர். 1884இல் பகுதி பகுதியாக 'டொர்னாடோ வரும்', 'வராது' என்று 2,803 முன்கணிப்புகளைச் செய்தார். 96.6 சதவீதம் சரி என்று முடிவு வந்தது. கேட்பதற்குப் பிரமாதமான எண். அதை உடைத்தவர் கில்பர்ட் என்ற நிலவியலாளர். டொர்னாடோ என்பது எப்போதாவது வருவது; கண்ணை மூடிக்கொண்டு எல்லா நாளும் 'வராது' என்று எழுதியிருந்தால் 98.2 சதவீதம் சரியாகியிருக்கும் என்று அவர் காட்டினார். ஃபின்லி 'வரும்' என்று சொன்ன நூறில் 28 முறை வந்தது, 72 முறை வரவில்லை. உண்மையில் வந்த 51இல் 23ஐ அவர் தவறவிட்டார்.

கணக்குப் பாடமாக இன்றும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஃபின்லியைக் கேலிப்பொருளாக்கித்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள், அது எனக்கு உடன்பாடில்லை. ராடார் இல்லாமல், பலூன் இல்லாமல், தந்தியில் வந்த தரைநிலைக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, பாதிக்கு மேற்பட்ட டொர்னாடோக்களை ஒரு மனிதர் பிடித்திருக்கிறார். ஆனால் அவருடைய மேலதிகாரிகள் பயந்தார்கள். மக்கள் பீதியில் ஓடுவார்கள், முதலீடு செய்பவர்கள் அந்த மாநிலங்களுக்கு வரமாட்டார்கள் என்ற எண்ணம் வலுத்தது. 1880களின் இறுதியிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அரசு வானிலை அறிக்கைகளில் டொர்னாடோ என்ற சொல்லே தவிர்க்கப்பட்டது. இதற்கு நடுவில்தான் 1925 மார்ச் 18 வந்தது. மிசௌரி, இலினாய், இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களில் 350 கிலோமீட்டர் தூரம் ஒரு டொர்னாடோ ஓடி 695 பேரைக் கொன்றது. அவர்கள் யாருக்கும் முன்னறிவிப்பு எதுவும் போய்ச் சேரவில்லை.

அந்த மௌனத்தை உடைத்தது ராணுவமே. 1948 மார்ச் 20 அன்று ஒக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் டொர்னாடோ புகுந்து விமானங்களை நொறுக்கியது. தளபதி, அங்கிருந்த வானிலை அதிகாரிகள் எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் இருவரையும் அழைத்து, இதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பாருங்கள் என்றார். அவர்கள் பழைய வரைபடங்களைக் கிளறினார்கள். ஐந்து நாள் கழித்து, மார்ச் 25 அன்று, அதே போன்ற அமைப்பு வரைபடத்தில் மறுபடி தெரிந்தது. ஒரே தளத்தில் ஒரே வாரத்தில் இரண்டாம் முறை நடக்கும் என்று எழுதிக்கொடுக்க அவர்களுக்கே தயக்கம். இருந்தும் எழுதிக்கொடுத்தார்கள். சுமார் மூன்று மணி நேரம் கழித்து டொர்னாடோ தளத்துக்குள் வந்தது. விமானங்களை முன்பே பத்திரப்படுத்தியிருந்ததால் இழப்பு குறைந்தது.

பருவம் முழுமைக்குமான கணிப்பு இதற்கெல்லாம் வெகு பின்னால் வந்தது. அதன் அச்சாணி, பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாகும் எல் நினோவும் குளிரும் லா நினாவும். கடல் மேற்பரப்பு வெப்பம் மாறும்போது ஜெட் காற்றின் பாதை மாறுகிறது. லா நினா ஆண்டுகளில் அது அமெரிக்காவின் நடுவே நெளிந்து, வளைகுடா ஈரத்தைத் தெற்கு மாநிலங்களின் மேல் இழுத்துப் போடுகிறது. 2015இல் ஜான் ஆலன், மைக்கேல் டிப்பெட், ஆடம் சோபெல் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைத் திட்டமாகக் காட்டியது: லா நினா வசந்தத்தில் தென்மத்திய மாநிலங்களில் டொர்னாடோவும் ஆலங்கட்டியும் கூடுகின்றன, எல் நினோ வசந்தத்தில் குறைகின்றன. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 13 மாநிலங்களில் 148 டொர்னாடோக்கள் இறங்கி முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது பசிபிக்கில் வலுவான லா நினா இருந்தது. தெற்கு மாநிலங்களை டொர்னாடோக்கள் சூறையாடிய 2011 ஏப்ரலிலும் லா நினாதான்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கதை வசதியாக இருக்கும். ஆனால் 1998 பிப்ரவரி 22 இரவில், நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று நடந்துகொண்டிருந்தபோது, ஃப்ளோரிடாவின் நடுப்பகுதியில் டொர்னாடோக்கள் 42 பேரைக் கொன்றன. எல் நினோ ஜெட் காற்றைத் தெற்கே தள்ளியதால்தான் அது நடந்தது. எல் நினோ ஆண்டு அமைதியான ஆண்டு என்பது ஒக்லஹோமாவில் இருப்பவருக்கு ஓரளவு பொருந்தும். ஃப்ளோரிடாவின் கிஸிமியில் இருப்பவருக்கு நேர்மாறு. லா நினா ஆண்டுகள் எல்லாமே 2011 போலவும் இருந்ததில்லை. பசிபிக் பகடையைச் சற்றே ஒருபக்கம் சாய்க்கிறது, அவ்வளவுதான்.

வெப்பநிலைக் கணிப்பின் எல்லையைப் புரிந்துகொள்ள 2012 வசந்தத்தைப் போல் நல்ல சாட்சி கிடையாது. அந்த ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க நிலப்பரப்பின் சராசரி வெப்பநிலை 20ஆம் நூற்றாண்டுச் சராசரியை விட 4.8 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது. நாடு முழுவதும் 15,000க்கும் மேற்பட்ட வெப்பப் பதிவுகள் தகர்ந்தன. மிச்சிகனில் மார்ச் மாதத்திலேயே ஜூன் வெயில். செர்ரியும் ஆப்பிளும் வசந்தம் வந்துவிட்டதென்று நம்பி, வாரக்கணக்கில் முன்பே மொட்டவிழ்த்தன. பிறகு ஏப்ரல் வழக்கமான ஏப்ரலாகவே வந்தது. மிச்சிகனின் ஏப்ரலில் உறைபனி விழுவது ஒன்றும் அதிசயமல்ல. பூத்து நின்ற மரங்களின் மேல் அது இரவுக்கிரவு விழுந்தது. டிராவர்ஸ் சிட்டி வட்டாரம் உட்பட அந்த மாநிலத்தின் புளிப்புச் செர்ரி விளைச்சலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. ஆப்பிளுக்கும் அதே கதி.

மார்ச், ஏப்ரல், மே மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்கப் பதிவேட்டில் அதுவரை மிகச் சூடான வசந்தம் அது. அடர் ஆரஞ்சு பூசியிருந்தால் நூற்றுக்கு நூறு மதிப்பெண் கிடைத்திருக்கும். செர்ரித் தோட்டக்காரருக்கோ அது உறைபனியால் அழிந்த ஆண்டு. இரண்டும் உண்மை. மூன்று மாதச் சராசரிக்குள் ஒரு இரவின் உறைபனி கரைந்து மறைந்துவிடும். பயிருக்கோ அந்த ஒரு இரவே எல்லாம். 2007லும் இதே பாணியில், மார்ச் வெப்பத்தை நம்பித் துளிர்த்த கோதுமையும் பழமரங்களும் ஏப்ரல் முதல் பாதியின் ஈஸ்டர் உறைபனியில் கருகின. சூடாகும் உலகத்தில் இந்த வகை ஏமாற்று வசந்தம் குறையும் என்று நினைக்கத் தோன்றும். மரங்கள் முந்திக்கொள்ளும் வேகத்துக்கு உறைபனியின் கடைசி நாள் பின்வாங்குகிறதா என்பதைப் பொறுத்தது அது.

அந்த 2012இல் புயல்கள் என்ன செய்தன என்பதும் பார்க்கத்தக்கது. மார்ச் 2 அன்று இண்டியானா, கென்டக்கி உள்ளிட்ட மாநிலங்களில் டொர்னாடோக்கள் நாற்பது பேரளவில் கொன்றன. சூடான வசந்தம், எனவே கொடிய வசந்தம் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். மே மாதம் முதல் அதே வெப்பம் வறட்சியாக முற்றி, ஜெட் காற்றை வடக்கே துரத்தி, புயல்களையே ஒழித்துவிட்டது. டொர்னாடோ உச்சத்தில் இருக்க வேண்டிய வாரங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அந்த ஆண்டின் மொத்தம் சராசரிக்கும் கீழே. சூட்டைக் கணித்தால் புயலையும் கணித்ததாகும் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

பருவத்துக்கும் நாளுக்கும் இடையில் இரண்டு, மூன்று வாரம் என்ற நடுத்தூரம் ஒன்று இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் விக்டர் ஜென்சினி போன்ற வானிலை ஆய்வாளர்கள் உழைப்பது இந்த இடத்தில்தான். இந்தியப் பெருங்கடலில் தொடங்கிக் கிழக்கே நகரும் மழைமேகக் கூட்டங்களின் அலை, பசிபிக்கைக் கடந்து அமெரிக்க ஜெட் காற்றை வளைக்க இரண்டு வாரமாகும். அந்த அலையைப் பார்த்து 'மூன்றாம் வாரம் சராசரியை விடக் கொந்தளிப்பாக இருக்கும்' என்று சொல்ல முடிகிறது. நமது தென்மேற்குப் பருவமழையின் ஓங்கலையும் ஓய்வையும் தீர்மானிப்பதில் பங்குள்ள அதே அலைதான் இது. என் மதிப்பீட்டில் பருவக் கணிப்பை விட இந்த நடுத்தூரத்துக்கே எதிர்காலம் இருக்கிறது. மாநில நிர்வாகிகளால் இதை வைத்து ஆட்களையும் ஜெனரேட்டர்களையும் இடம்மாற்ற முடியும்.

எட்டு நாளுக்குள் வந்துவிட்டால் பொறுப்பு ஒக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையத்துக்குப் போகிறது. கடும்புயல் அபாயத்தை அது ஐந்து படிகளாகப் பிரித்து அறிவிக்கிறது. ஐந்தாம் படியான 'உயர் அபாயம்' அபூர்வமானது, சில ஆண்டுகளில் ஒருமுறைகூட வராது. டொர்னாடோவுக்காக அந்தப் படி அறிவிக்கப்பட்ட பகுதியிலும், ஓர் இடத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள் டொர்னாடோ வருவதற்கான வாய்ப்பு 30 சதவீதம் என்ற அளவிலிருந்தே அது தொடங்குகிறது. அதாவது அறிவியலின் உச்சபட்ச அலறலுக்கும் 'வராமல் போகலாம்' என்பதே உள்ளுறை.

2019 மே 20 அன்று அது அப்படியே ஆனது. மேற்கு டெக்சாஸுக்கும் ஒக்லஹோமாவுக்கும் உயர் அபாயம் அறிவிக்கப்பட்டது. ஒக்லஹோமா சிட்டி வட்டாரத்தில் பள்ளிகளை மூடினார்கள். டொர்னாடோக்கள் சில வந்தன, மழை வெள்ளம் வந்தது. அஞ்சியிருந்த பேரழிவு வரவில்லை. ஐந்து நாள் கழித்து மே 25 இரவு, அவ்வளவு பரபரப்பில்லாத ஒரு நாளில், எல் ரீனோ ஊரில் நான்கு நிமிடமே உயிரோடிருந்த ஒரு டொர்னாடோ ஒரு விடுதியையும் மொபைல் ஹோம் குடியிருப்பையும் தாக்கி இருவரைக் கொன்றது. இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒக்லஹோமாக்காரர் அடுத்த உயர் அபாய அறிவிப்பை எப்படி எடுத்துக்கொள்வார்?

முன்கணிப்பு பிசகாமல் பலித்த நாளைப் பார்ப்போம். 2011 ஏப்ரல் 27. தெற்கு மாநிலங்களுக்குப் பெரும் ஆபத்து என்று பல நாட்களுக்கு முன்பே மையம் சொல்லத் தொடங்கியிருந்தது. அன்று காலை உயர் அபாயம் அறிவிக்கப்பட்டது. டொர்னாடோ இறங்குவதற்குச் சராசரியாக இருபது நிமிடங்களுக்கு மேல் முன்னதாகவே உள்ளூர் எச்சரிக்கைகள் ஒலித்தன. வழக்கமான அவகாசத்தை விட இது அதிகம். இதைவிடச் சிறப்பாகச் செய்ய அன்றைய அறிவியலுக்கு வழியில்லை. இருந்தும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் அலபாமாவில். விடிகாலையிலேயே ஒரு முதல் புயல்வரிசை கடந்துபோய் மின்கம்பிகளையும் அவசர வானொலி ஒலிபரப்பையும் பல இடங்களில் அறுத்துவிட்டிருந்தது. மாலையில் அந்த மாநிலத்தின் டஸ்கலூசா நகரை நோக்கி டொர்னாடோ வந்தபோது சிலரிடம் செய்தி கேட்கக் கருவியே இல்லை.

அடுத்த மாதம் 22ஆம் தேதி மிசௌரியின் ஜாப்ளின் நகரில் 158 பேர் இறந்தார்கள். ஒற்றை டொர்னாடோவில் இத்தனை சாவு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்கா பார்க்காதது. சைரன் இருமுறை ஒலித்தது, எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பின்னர் நடந்த விசாரணையில், மக்களில் பெரும்பாலோர் முதல் எச்சரிக்கையைக் கேட்டதும் பதுங்கவில்லை என்று தெரியவந்தது. டிவியைப் போட்டுப் பார்த்தார்கள், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், உறவினருக்கு போன் செய்தார்கள். அந்த ஊரில் சைரன் அடிக்கடி ஒலிக்கும், ஒலித்த பிறகு ஒன்றும் நடக்காது. நாடு முழுவதுமே டொர்னாடோ எச்சரிக்கைகளில் பத்தில் ஏழு அளவில் பொய்க்கின்றன. ஃபின்லியின் 72 சதவீதத்திலிருந்து நாம் அதிகம் விலகிவிடவில்லை. வித்தியாசம், அன்று ஒரு மாகாணப் பரப்புக்குப் பல மணி நேரத்துக்குச் சொன்னதை இன்று சில கிராமங்களுக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சொல்கிறார்கள். அது பெரிய வித்தியாசம்தான். சுமார் 160 டாப்ளர் ராடார்கள் நாட்டை வலைபோட்டு வைத்திருப்பதன் பலன் அது.

பருவநிலை மாற்றம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? டொர்னாடோக்களின் மொத்த எண்ணிக்கை கூடிவிட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. பழைய பதிவுகள் அதற்கு உதவாத அளவுக்கு ஓட்டையானவை. ஆனால் இரண்டு மாற்றங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஹெரால்ட் ப்ரூக்ஸும் சகாக்களும் 2014இல் காட்டியபடி டொர்னாடோ வீசும் நாட்கள் குறைகின்றன, ஒரே நாளில் பல வீசும் நாட்கள் பெருகுகின்றன. 2018இல் ஜென்சினியும் ப்ரூக்ஸும் காட்டியது இன்னொன்று: பெருஞ்சமவெளியில் சற்றே குறைந்து, மிசிசிப்பி, டென்னசி, அலபாமா பக்கமாக டொர்னாடோக்கள் நகர்கின்றன. சமவெளியில் புயல் பத்து மைல் தொலைவிலேயே கண்ணுக்குத் தெரியும். தென்கிழக்கில் காடும் குன்றும் மறைக்கும். இரவில் வருவது அதிகம். மக்கள் நெருக்கமும் கூடுதல்.

பணத்தைக் கேட்டால் ஆலங்கட்டிதான் முதல் எதிரி. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் இடிபுயல்களால் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்க நேர்ந்த தொகை தலா 50 பில்லியன் டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு உடைந்த கூரைகளுக்கும் நசுங்கிய கார்களுக்கும் போனது. டல்லாஸைச் சுற்றி ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பகுதிகளில் குடியேறியிருக்கும் ஏராளமான தமிழ்க் குடும்பங்களுக்கு இது புத்தகச் செய்தி அல்ல. ஏப்ரல் வந்துவிட்டால் காரை வெளியே நிறுத்த யோசிக்கிறார்கள். கூரை மாற்றித்தருகிறோம் என்று கதவைத் தட்டும் முகவர்களை விரட்டுவது அங்கே ஒரு வசந்தகால வேலை. பருவக் கணிப்பை உண்மையிலேயே காசாக்கத் தெரிந்தவர்கள் மறுகாப்பீட்டு நிறுவனங்கள். ஆயிரக்கணக்கான கூரைகளைக் கையில் வைத்திருப்பவருக்கு, சராசரி ஐந்து சதவீதம் சாய்ந்தாலும் பொருளுண்டு. ஒரே கூரையின் கீழ் இருப்பவருக்கு அதில் எதுவும் இல்லை.

இத்தனை கருவிகளும் அடிப்படையில் ஆட்களை நம்பியிருக்கின்றன. 2025 வசந்தத்தில் தேசிய வானிலைச் சேவையிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வெளியேறினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். மார்ச் மாதத்தில் நெப்ராஸ்காவின் ஓமாஹா, தெற்கு டகோட்டாவின் ராப்பிட் சிட்டி நிலையங்களில், ஆளில்லை என்று வானிலை பலூன் ஏவுவதையே நிறுத்திவைத்தார்கள். மூடி எவ்வளவு வலுவாக இருக்கிறது, உயரே காற்று எப்படித் திரும்புகிறது என்பதைத் தொட்டுச் சொல்லும் கருவி அந்த பலூன். சரியாக டொர்னாடோ பருவத்தில், சரியாகப் புயல்கள் பிறக்கும் சமவெளியில் அதை நிறுத்துவதை எந்தச் சிக்கன வாதத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

நார்மனிலுள்ள ஆய்வாளர்கள் இப்போது, ராடாரில் சுழற்சி தெரியும்வரை காத்திராமல், கணினி மாதிரியைக் கொண்டே ஒரு மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கும் முறையை உருவாக்கி வருகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் கூடுதல் நேரம் தானாகவே பாதுகாப்பாகிவிடுமா? ஒக்லஹோமா சிட்டியை ஒட்டிய மூர் நகரத்தில் 2013 மே 20 அன்று டொர்னாடோவில் 24 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் பதுங்கறை இல்லாத ஒரு தொடக்கப் பள்ளியின் குழந்தைகள். அந்தக் காட்சி நெஞ்சில் இருந்ததால், பதினொரு நாள் கழித்து எல் ரீனோ பக்கம் நான்கு கிலோமீட்டருக்கும் அதிக அகலமுள்ள டொர்னாடோ உருவானபோது, ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டுக் காரில் தப்பிக்கக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. அன்று டொர்னாடோவால் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். புயல் ஆய்வாளர் டிம் சமாராஸ் அவர்களில் ஒருவர். அந்த டொர்னாடோ சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளி, நின்றுகொண்டிருந்த வாகன வரிசையின் மேல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

மூர் நகராட்சி 2014இல் ஒரு காரியம் செய்தது. மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்படி புதிய வீடுகளைக் கட்ட வேண்டும், கூரையைச் சுவரோடும் சுவரை அடித்தளத்தோடும் இரும்புப் பட்டைகளால் பிணைக்க வேண்டும், கராஜ் கதவை வலுப்படுத்த வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. மிகக் கொடிய டொர்னாடோவின் மையப்பாதையில் இது நிற்காது. ஆனால் எந்த டொர்னாடோவிலும் மையப்பாதை ஒடுக்கமானது. அதன் ஓரங்களில் சேதப்படும் வீடுகளே மிகுதி. வீட்டு விலை ஏறும், வாங்க ஆள் வராது என்று கட்டுமானத் தொழிலில் பலர் பயந்தார்கள். பின்னர் நடந்த பொருளாதார ஆய்வில் விலையிலும் விற்பனையிலும் அப்படி ஒரு பாதிப்பும் தென்படவில்லை.

டொர்னாடோக்கள் நகர்ந்துபோகும் தென்கிழக்கில் இந்த வழி பாதிதான் எட்டும். வீட்டுக்குள் இருந்து இறப்போரில் பாதிக்கு மேல் மொபைல் ஹோம்களில் வசிப்பவர்கள். தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் அந்த வீடுகளின் கட்டுமானம் நகராட்சி விதிகளுக்குள் வருவதில்லை. 1976 முதல் மத்திய வீட்டுவசதித் துறையின் தனி விதிக்கு உட்பட்டது. அந்த விதி நாட்டைக் காற்று மண்டலங்களாகப் பிரித்து, கடலோரச் சூறாவளிப் பகுதிகளுக்கு மட்டும் கூடுதல் வலு கேட்கிறது. அலபாமா, மிசிசிப்பி, டென்னசியின் உள்மாவட்டங்களில் பெரும்பாலானவை அதில் மிகக் குறைந்த வலு போதும் என்ற முதல் மண்டலத்தில் இருக்கின்றன.